தபெர்னாஸ் பாலைவனத்தில் குளிர் யாருக்கு?

இந்த வாரம் பாரிஸில் நம் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்க முடியவில்லை. "அண்ணை, வேட்டி காய்ஞ்சிட்டுதோ?" என்கிறார் கடைக்காரர். பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கதை எனக்கு முன்பே ஸ்பெயினிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் நான் அந்த வேட்டி இல்லாமல் ஓடியதாகவே முடித்துவிடுவார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

பாரிஸ் புறநகர் பொண்டியில் இருக்கும் பாலன் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்பெயின்காரர். கல்யாணமும் அவருடைய ஊரில்தான் — தெற்குக் கோடியில், அல்மேரியாவில், கடற்கரையோரம். தாயும் மகளும் ஒரு வாரம் முன்பே போய்விட்டார்கள். லாச்சப்பலில் கட்டக் கொடுத்திருந்த மாலைகளோடு பின்னால் வருவதாக அண்ணை நின்றுவிட்டார். அவர் பறக்கவேண்டிய நாளில் விமானங்கள் ரத்து. வேலைநிறுத்தம். பிரான்சில் இதெல்லாம் ஒரு செய்தியா?

"யோசியாதேங்கோ அண்ணை, நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன். புதிதாக மின்சாரக் கார் வாங்கியவன் வேறு என்ன சொல்வான்?

முதல் நாள் பயணம் வெண்ணெய் மாதிரிப் போனது. மட்ரிட்டுக்குத் தெற்கே ஒரு ஹோட்டலில் தங்கினோம். மறுநாள் சனிக்கிழமை, மாலையில் முகூர்த்தம். காலைக் குளிரிலேயே என் மனைவி வசந்தி பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"வெயில் ஏறமுதல் வெளிக்கிடுவம்."

பாலன் அண்ணை கைபேசியில் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை. ராகுகாலம் வரப்போகுது. முடியட்டும். நல்ல காரியத்துக்கெல்லோ போறம்."

அது பாரிஸ் நேரத்துக்குக் கணித்த ராகுகாலம். ஸ்பெயினுக்கும் செல்லுபடியாகுமா? நான் கேட்கவில்லை. பெண்ணின் தகப்பனிடம் கல்யாணத்தன்று யார் வாதாடுவார்? பதிலுக்கு, கிடைத்த நேரத்தில் காருக்கு நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றினேன். வேகச் சார்ஜர் எண்பது வரை கொட்டும், அதற்குப் பிறகு சொட்டும். அது தெரியும். ஆனால் பந்தியில் வயிறு நிறையாமல் எழும்பிப் பழகாத இனம் நாங்கள்... நூறைப் பார்த்தால்தான் நெஞ்சு ஆறும்.

ராகு போனார். வெயில் வந்தது.

இழந்த நேரத்தைப் பிடிக்க வேண்டாமா? சட்டம் விட்ட உச்ச வேகத்தில் பறந்தேன். நடுவில் ஒருமுறை வேகச் சார்ஜ். மறுபடி பறப்பு. ஓட்டமும் சூடு, வேகச் சார்ஜும் சூடு, வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. இந்த மூன்றையும் ஒரு பற்றரியின் தலையில் கட்டினால் என்ன நடக்கும்? அப்போது நான் யோசிக்கவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐரோப்பாவில் பாலைவனமா என்பீர்கள். இருக்கிறது. அல்மேரியாவுக்கு முன்னால் தபெர்னாஸ். உரித்துப் போட்டது போன்ற குன்றுகள், தண்ணீரை மறந்துபோன ஆறு, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதன் விளிம்பிலிருந்த சார்ஜ் நிலையத்துக்குப் பதினொரு சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தோம். மண்டபத்துக்கு இன்னும் அறுபது கிலோமீற்றர். அதற்கு அது காணாது.

வயரைச் செருகினேன். திரையில் எழுத்து வந்தது: பற்றரி மிகவும் சூடு, சார்ஜ் வேகம் குறைக்கப்பட்டுள்ளது.

குறைக்கப்பட்டது என்றால்... வீட்டுச் சுவரில் செருகியது போல. காரின் முன்பக்கத்துக் காற்றாடி, விமானம் மாதிரி இரைந்தது. பதினொன்று பதினொன்றாகவே நின்றது. உள்ளே ஏ.சி.யில் வந்த காற்றும் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. இருக்கிற குளிரைப் பற்றரியும் நாங்களும் பங்குபோட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் மட்டுமா? பின்சீற்றில், வசந்தியின் மடியில் மாலைகள். அவள் அவற்றை ஏ.சி. வாய்க்கு நேரே ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணையின் கைபேசி அடித்தது. அவருடைய மனைவி. "ஐயர் வந்திட்டார். எங்கை நிக்கிறியள்?"

"கிட்ட வந்திட்டம்" என்றார் அண்ணை. நான்கு பக்கமும் மண்.

அந்த இடத்தில்தான் என் மூளை கழன்றது. கல்யாணத்துக்கென்று கொண்டுவந்த பட்டுக்கரை வேட்டியை எடுத்தேன். குடிதண்ணீரில் நனைத்தேன். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியில் போடுவது போல காரின் முன்பக்கப் பொனற்றின் மேல் விரித்தேன்.

வசந்தி கண்ணாடியை இறக்கினாள். "என்னப்பா செய்யிறியள்?"

"பற்றரியைக் குளிராக்கிறன்."

"பற்றரி எங்கை இருக்கு?"

"முன்னுக்கு..."

"கீழை. எங்கடை காலுக்குக் கீழை. விக்கிறவன் விளங்கப்படுத்தேக்கை நீங்கள் மேற்கண்ணாடியைத் திறந்து திறந்து பூட்டினனீங்கள்." பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "அண்ணை, உள்ளுக்கு ஏ.சி.யை முழுக்க நிப்பாட்டினால் குளிர் எல்லாம் பற்றரிக்குப் போகும். சார்ஜ் கெதியாய் ஏறும். ஆனா மாலை தாங்காது."

அண்ணை மாலைகளைப் பார்த்தார். இரண்டு நாளாக அவற்றைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. ஹோட்டல் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, நடுச்சாமத்தில் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தவர்.

"நிப்பாட்டு தம்பி" என்றார். "மாலை இல்லாட்டிலும் கலியாணம் நடக்கும். நான் போகாட்டி ஆர் பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கிறது?"

நிறுத்தினேன். நிலையத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்த கோடிச் சார்ஜருக்குக் காரை மாற்றினேன். மூவரும் இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றோம். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பன்னிரண்டு. பதின்மூன்று. பிறகு படபடவென்று ஏறத் தொடங்கியது. மூச்சுவிட்டேன். முப்பதைத் தாண்டியதும் நான் வாயைத் திறக்குமுன்பே வசந்தி சொன்னாள்: "காணும். நூறு ஒண்டும் வேண்டாம். ஏறுங்கோ."

ஏ.சி. இல்லாமல், ஒரு லொறிக்குப் பின்னால், அதன் வேகத்திலேயே போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக. விசித்திரம் என்னவென்றால், அன்று பறந்த தூரமெல்லாம் என்னை நிறுத்தியே வைத்தது. ஊர்ந்த தூரம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதற்றக்காரனின் கணக்கு எப்போதும் இப்படித்தான் தலைகீழாக இருக்கிறது, இல்லையா?

கடல் தெரிந்தது. அண்ணை வேர்வையைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.

மண்டபத்தில் எல்லோரும் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். மாலைகள் தேயிலைச் சாய நிறத்தில் தொங்கின. மாப்பிள்ளை அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து மிகுந்த மரியாதையோடு கழுத்தை நீட்டினார். அவசரத்தில் பைக்குள் சுருட்டிய வேட்டியை ஈரத்தோடே கட்டியிருந்த என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

தாரைவார்க்கும் நேரம். பாலன் அண்ணை மகளின் கையைப் பிடித்தார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, உங்கள் கை ஏன் இப்படி ஐஸாகக் குளிர்கிறது?"

அன்று பாலைவனம் தொடக்கம் மண்டபம் வரை, அந்த வெயிலில் குளிராக இருந்த ஒரே பொருள், பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கப் பதறிய அந்தக் கைதான்.