ரைன் நதிக்கரையில் நம்ம அக்கா

இரண்டு கர்ப்பம் கலைந்த பிறகு மூன்றாவதாக உண்டானபோது, ஐந்தாம் மாதத்திலிருந்து கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதுவரை ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் ஷிப்பிங் பேப்பர்கள் தயார் செய்துகொண்டிருந்தேன். ராட்டர்டாம், கொலோன், பாசல் என்று ஐரோப்பிய ஊர்ப் பெயர்களைத் தினமும் டைப் அடிப்பேன். ஒன்றையும் பார்த்ததில்லை.

மண்ணரைப் பகுதியில் எங்கள் வாடகை வீட்டின் ஒற்றை அறையில் படுத்துக் கிடந்தேன். என் வீட்டுக்காரர் வேறொரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் காலையில் கிளம்பிப் போனதும், பக்கத்துத் தையல் யூனிட்டின் மிஷின் சத்தம் மட்டும்தான் துணை. குழந்தையைப் பற்றி நினைக்கப் பயமாக இருந்தது. அதனால் ஒரு நோட்டில் கதை எழுத ஆரம்பித்தேன்.

கதையில் ஒரு அக்கா. ஐம்பது வயது, தனிக்கட்டை. முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்கான நைட் சூட் தைக்கிறவள். தான் தைத்ததை ஒரு குழந்தை போட்டிருப்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறாள்.

முதல் அத்தியாயத்தை என் வீட்டுக்காரரிடம் கூச்சத்தோடுதான் படித்துக் காட்டினேன். கதையெல்லாம் படிக்கிறவர் இல்லை அவர். கேட்டு முடித்துவிட்டு, "கப்பல்ல இருந்து எறங்குனதும் அந்தக்கா எங்க சாப்புட்டுச்சு?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு நீள மார்க்கர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பேட்டர்ன் வரைகிற பேப்பர். போனில் மேப்பை வைத்துக்கொண்டு, ஒரு இஞ்ச்சுக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு, படுத்தபடியே நான் பார்க்கிற மாதிரி எதிர்ச் சுவரில் ஐரோப்பாவை வரைந்தார். பனியனுக்குக் கழுத்து வளைவு வரைகிற கைக்குக் கடற்கரை வரைவது சுலபமாக இருந்தது.

அதன்பின் சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவிவிட்டு, "இன்னைக்கு அக்கா எங்கிருக்குது?" என்று கேட்பார். நான் படிப்பேன். அவர் இஞ்ச் டேப்பை வைத்து அளந்து பென்சிலால் கோடு போடுவார்.

ஒரு நாள் அளந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஏம்புள்ள, ராட்டர்டாம்ல இருந்து கொலோன் நாலு இஞ்ச் வருது. எரநூறு கிலோமீட்டரு. ஒரே மத்தியானத்துல நடந்துட்டாளா? நம்மூருல இருந்து திருச்சியத் தாண்டிருமே."

"கதைதானுங்க."

"கதைன்னா காலு வலிக்காதா?"

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு அக்காவை ரைன் நதியில் ஒரு சரக்குப் படகில் ஏற்றினேன். அவளுக்குக் குளிருமே என்று அவருக்குக் கவலை. ஸ்வெட்டர் ஒன்று எழுதச் சொன்னார். அக்கா ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஏழாம் மாதம் முடிகிற சமயம்.

ஒரு காலை நேரம். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். தியேட்டர் தயாராகும் வரை என்னை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். "அக்கா பாசல் வந்துட்டா" என்றார்.

நான் எழுதாத கதை அது.

"ரோட்டுல ஒரு பொண்ணு குழந்தைய வண்டில வெச்சுத் தள்ளீட்டு வருது. மஞ்ச நைட் சூட்டு. அக்கா கிட்டப் போயி கழுத்துத் தையலப் பாத்தா. அவ தச்சதேதான்."

"என்ன பாசைல பேசுனாங்க?"

அவர் யோசித்தார். "பேசுல. கைய மட்டும் காமிச்சா, மிஷின்ல துணியத் தள்ளுற மாதிரி. அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சு போச்சு. குழந்தையத் தூக்கி அக்கா கையில குடுத்துருச்சு."

நர்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்.

மகள் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். கையை உள்ளே விட்டுத் தொட அனுமதித்த அன்று அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் நோட்டைத் தொடவில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் கழித்து, அவள் தூங்கும் நேரத்தில் அந்தப் பாசல் காட்சியை அவர் சொன்னபடியே எழுதினேன். அக்கா கையில் குழந்தை இருப்பதோடு அத்தியாயத்தை முடித்தேன். இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது என்று எனக்கு நினைப்பு.

அவர் மடியில் மகளைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறியது.

"குழந்தையத் திருப்பிக் குடுத்ததை எழுதவே இல்லையே."

"குடுத்திருப்பாங்க. அது படிக்கிறவங்களுக்கே தெரியுமுங்க."

"எப்புடித் தெரியும்? பெத்த அம்மா அங்கயே நின்னுட்டிருக்குதுல்ல, பதறாதா?"

அன்றிரவே ஒரு வரி சேர்த்தேன். அக்கா குழந்தையின் உச்சியை முகர்ந்துவிட்டு, தாயின் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். அவள் கையிலிருந்து குழந்தையை எடுக்க மனம் வராமல், அந்த ஒரு வரியை எழுத எனக்கு வெகுநேரம் ஆனது.