நீலச் சுவரும் எங்கள் பிளாஷும்

எங்க வீட்டுக்காரருக்குப் போட்டோ கிறுக்குப் பிடித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சங்கரன்கோவிலில் ஆபீஸ் குமாஸ்தா வேலை. அந்தச் சம்பளத்தில் ஒரு மிக்ஸி வாங்கிவிடலாம் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தபோது, மனுசன் மதுரையிலிருந்து பழைய கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானம் செய்ய என்னையே உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தார். அது பிரிண்ட் போட்டு வந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடிப்போனது.

முகம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே வெள்ளை. மூக்கைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் சுவரில் அட்டக்கரியாக ஒரு நிழல்.

“ஏங்க, இது நான் உயிரோட இருக்கும்போது எடுத்ததுதானா?” என்று கேட்டேன்.

“பிளாஷ் கேமரா மேலயே இருக்குல்லா. நேரா மூஞ்சில அடிச்சா அப்படித்தாம்ட்டி வரும்.”

“அப்ப மூஞ்சில அடிக்காதீய. கழத்தி அங்கிட்டு வையுங்க.”

ஏதோ எரிச்சலில் சொன்னேன். அவர் அதையே பிடித்துக்கொண்டார். அந்த பிளாஷ் பக்கத்து வீட்டு அண்ணன் சவுதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கடையநல்லூர்க்காரர்கள், எங்கள் தெருவுக்குக் குடிவந்து வருசக்கணக்காகிறது. அண்ணன் அங்கே வேலை பார்க்க, மதினியும் ஒரே மகளும் இங்கே இருந்தார்கள். லீவுக்கு வந்தால் தெருவுக்கே சோப்பும் தைலமும் கொடுப்பார். இவருக்கு மட்டும் பிளாஷ்.

அதைக் கேமராவை விட்டுத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் வயர் பத்தாது. இருந்தது ஒரு சாண் வயர். அதை நடுவில் வெட்டி, காலிங்பெல்லுக்குப் போடும் வயரை ஒட்டுப்போட்டு, வீட்டுக்குள் நாலு எட்டு தள்ளி நிற்கிற அளவுக்கு நீட்டினார். ஸ்டாண்டு வேண்டுமே? மைக் செட் கடையில் திருகு தேய்ந்துபோய் மூலையில் கிடந்த மைக் ஸ்டாண்டை வாங்கிவந்தார். நிறுத்தினால் மெதுவாகக் கீழே இறங்கும். சைக்கிள் டியூபை வெட்டி நான்தான் இறுக்கிக் கட்டினேன். மாமனார் விட்டுப்போன கறுப்புக் குடைக்கு உள்பக்கம் வெள்ளைப் பாப்ளின் துணி வைத்துத் தைத்ததும் நான்தான். பிளாஷைக் குடைக்குள் பார்த்துத் திருப்பி வைத்தால், வெளிச்சம் துணியில் பட்டு மெத்தென்று முகத்தில் விழுந்தது. கடையில் விற்கிற சாமான் எதையும் நாங்கள் வாங்கவில்லை, வாங்கவும் வக்கில்லை.

மறுபடி என்னை எடுத்தார். இந்தத் தடவை கன்னம் கன்னமாக இருந்தது, மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம். நான் அழகுதான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கேமரா வாங்கியதற்காக அவரை முழுசாக மன்னித்துவிட்டேன்.

அப்புறம் தெருவில் ஒருத்தரையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில் தலைசீவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் கேமராவைப் பிடிக்கப் பழகினேன். குடை விரிக்க இடமில்லாவிட்டால் பிளாஷைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுவேன். வெள்ளையடித்த சுவரும் குடைத்துணி மாதிரியே வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அது நானே கண்டுபிடித்த வித்தை என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் கூடிவந்தது. தேதி வைத்த பிறகு அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவைக்க ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன், ஊருக்கு வந்த ஒருத்தர் கையில் கலர் பிலிம் ரோல்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். மதினி அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“ஏட்டி, பொம்பளைய பக்கம் ஸ்டுடியோக்காரன விட முடியாது. உள்ள நீதான் எடுக்கணும். அவுக பார்க்கப்போற கல்யாணம் நீ எடுக்கிற படந்தான். பார்த்துக்க.”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு தகப்பன் பெற்ற மகளின் கல்யாணத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் என் கையில் என்றால் பின்னே எப்படி இருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் வெளியே பந்தலில் நிக்காஹ் முடிந்தது. ஆண்கள் பக்கத்தை எங்க வீட்டுக்காரர் வெயில் வெளிச்சத்திலேயே எடுத்துவிட்டு, நடைவாசலில் நின்று கேமராவை என்னிடம் நீட்டினார். நான் உள்ளே போனால் எள் போட இடமில்லை. பொண்ணைச் சுற்றி அவ்வளவு பெண்கள். மைக் ஸ்டாண்டை எங்கே நிறுத்த, குடையை எங்கே விரிக்க? வலது கையில் கேமரா, இடது கையில் பிளாஷ். கையை உயர்த்திச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். சுவர் புதுசாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. இனி என்ன பயம் என்று தைரியமாக எடுத்தேன்.

பொண்ணு கிளம்புகிற நேரம். அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த பிள்ளை, “வாப்பாட்ட சொல்லாமப் போறேனே” என்று மதினியின் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதது. மருதாணிக் கையால் அம்மாவின் முதுகைப் பிறாண்டுகிறது. நான் கதவுப் பக்கம் நின்றபடி கையைத் தூக்கி அமுக்கினேன்.

மதுரையில் கழுவிப் பிரிண்ட் போட்டு வந்த கவரைப் பிரித்தோம். வெளியே எடுத்தது அத்தனையும் தங்கம். உள்ளே எடுத்தது அத்தனையும் நீலம். பொண்ணு நீலம், மதினி நீலம், பிரியாணிச் சட்டியும் நீலம். பந்தல்காரர் கட்டிய பெரிய பல்பு பட்ட பக்கம் மட்டும் மஞ்சள்.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்கு வெள்ளையடித்தால் சுண்ணாம்பில் ஒரு பிடி நீலம் கூடத்தான் போடுவார்கள். அப்போதுதான் சுவர் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். மதினி பக்கத்தில் நின்று, “நல்லாப் போடுங்க, வீடு எடுப்பா இருக்கட்டும்” என்று சொன்னதை நானே கேட்டேன். எங்கள் வீட்டுச் சுவரும் நீலம் கலந்ததுதான். ஆனால் அதுவரைக்கும் நாங்கள் போட்டது எல்லாம் கறுப்பு வெள்ளை பிலிம். அதற்குச் சுவரின் நிறம் என்ன தெரியும்? கலர் பிலிம் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

“ஏட்டி, கல்யாணப் பொண்ண கிருஷ்ணராக்கிட்டியே” என்றார் இவர்.

“வயர நீட்டுனது நீங்கதானே. சும்மா இருங்க.”

வாய்தான் பேசியது. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. லேப்காரரிடம் கேட்டால், நீலத்தைக் குறைத்தால் மஞ்சள் பக்கம் காமாலை கண்டது மாதிரி ஆகிறது என்று கைவிரித்தார். மதினி என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். மகள் மறுவீட்டு விருந்துகளெல்லாம் முடிந்து வந்தபோது, அதே சேலை, அதே நகையைப் போட்டு உட்காரவைத்தோம். இந்தத் தடவை மைக் ஸ்டாண்டு, குடை, எல்லாம் முறைப்படி. பிள்ளை சிரித்த முகமாக இருந்தது. படம் காலண்டரில் போடலாம், அவ்வளவு லட்சணம். அதை மதினி, வெளியே எடுத்த படங்களோடு சேர்த்து அண்ணனுக்கு அனுப்பி, “பிள்ளை அழவே இல்ல, சந்தோசமாப் போனா” என்று எழுதிவிட்டாள். நீலப் படங்களை என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் போட்டேன்.

அடுத்த வருசம் அண்ணன் லீவில் வந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சாயா கொடுத்தார்கள். அவர் மடியில் ஆல்பம் இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி, “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்றார். பிறகு மகள் படத்தில் விரலை வைத்து மெதுவாகக் கேட்டார்.

“கல்யாணப் பொண்ணு கையில மருதாணியக் காணோமே, தங்கச்சி?”

சாயா டம்ளரைக் கீழே வைத்தேன். விருந்தெல்லாம் சுற்றி வந்ததில் மருதாணி அழிந்துபோய்விட்டது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மதினி தரையைப் பார்க்கிறாள், என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார்.

“அங்கன ரூம்ல படுத்துக்கிட்டு இதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அழவே இல்லன்னு எழுதியிருந்தாவ. நல்லதுதானே. ஆனா எனக்கு என்னமோ போல இருந்துச்சு. நம்ம இல்லாதது அவளுக்கு ஒண்ணும் தெரியலையோன்னு.”

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து எங்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கவரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். “அண்ணன், சுவர் நீலம் எல்லாத்து மேலயும் ஏறிட்டு. அதான் காட்டல” என்றேன்.

முதல் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இரண்டாவதுக்கும் சிரித்தார். மகள் அழுகிற படம் வந்தது. நீல முகம், திறந்த வாய், மதினியின் முதுகில் கறுத்துச் சிவந்த மருதாணிக் கை.

“என்ன சொல்லி அழுதா?”

சொன்னேன். அவர் அந்தப் படத்தை மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கையால் முகத்தை நன்றாகத் துடைத்தார்.

“இத எடுத்தது யாரு?”

நீலம் இவள் பண்ணின கூத்து என்று தெருவுக்கே சொல்லித் திரிந்த என் வீட்டுக்காரர், அன்று குனிந்து ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

“நாந்தான் அண்ணன். கதவுப் பக்கம் நின்னு எடுத்தேன்.”

“ஆமா. நான் இருந்திருந்தா அங்கனதான் நின்னிருப்பேன்” என்றார்.