பிற்பாதி தேடி மதுரைக்கு

வாடகைக்குப் புத்தகம் விடும் தொழிலில் ஒரு கதையின் முதல் பாதி தானாக வந்து சேர்ந்துவிடும். பிற்பாதியைத்தான் கால் வலிக்கத் தேட வேண்டும். வெளியூர் போய் இறங்கியதும் கோயிலுக்கு வழி கேட்பதற்கு முன்னால் பழைய புத்தகக் கடைக்கு வழி கேட்கிற ஆட்கள் இதைப் படிக்கிறவர்களில் நாலு பேராவது இருப்பீர்கள். நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

போடியில் என் வீட்டுக்காரருக்குச் சாக்குக் கடை. ஏலக்காய் வியாபாரிகள் சாக்கு வாங்க வருவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள், கடையின் பக்கத்து அறையில் நான் வைத்திருக்கும் இரண்டு அலமாரிகளிலிருந்து கதைப் புத்தகம் எடுக்க வருவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எலி கடித்துவிடுமோ, சாரல் அடித்துவிடுமோ, எடுத்துப் போன வீட்டில் குழந்தை கையில் கொடுத்துவிடுவார்களோ என்று எந்நேரமும் பயந்துகொண்டிருக்க அந்தப் படிப்பே போதுமாக இருக்கிறது.

புதுப் புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகாது. யுத்தத்தில் பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, மதுரைக்குப் போய்ப் பழசாக வாங்கி வருகிறேன். பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, வீட்டிலேயே தைத்து அட்டை போட்டு வைக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரிக் கட்டுகள்தான் என் சரக்கு. கனமாகிவிட்டால் இரண்டு பாகமாகத் தைப்பார்கள். அப்படி ஒரு கதையின் முதல் பாகம் ரயிலடி நடைபாதையில் எனக்குக் கிடைத்தது. கமலவேணி என்று ஒரு பெண். கல்யாணமான மறுவருஷம் அவள் புருஷன் கப்பலேறி பர்மாவுக்குப் போகிறான். யுத்தம் வருகிறது, கடிதம் நின்றுவிடுகிறது. அதோடு முதல் பாகம் தீர்ந்தது. அது தனிப் புத்தகமாக வெளிவரவும் இல்லை.

பாக்கியம் கேட்டது

அந்தக் கட்டை எடுத்துப் போனவள் பாக்கியம். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் மனைவி. சாமான் வாங்க ஜீப்பில் போடிக்கு இறங்கும்போது புத்தகமும் எடுத்துப் போவாள். தோட்டத்து ஸ்டோரில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். அவர்களுக்கு இவள் உரக்க வாசிப்பாள். அடுத்த முறை வந்தபோது கட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

“மிச்சம் எங்கக்கா?”

“இனிமேத்தான் தேடணும்.”

“நல்லா மாட்டிவிட்டீங்க. எங்க ஸ்டோருல மாரியாயின்னு ஒருத்தி. அவ வீட்டுக்காரரு சண்டைக்கு முன்னாடி பினாங்கு போனவரு. உசுரோட இருக்காரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு தாக்கல் இல்ல. கமலவேணி புருஷன் வந்துட்டானா, வந்துட்டானான்னு என்னைய அரிச்செடுக்குறா. காயக் கீழ போட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. வெளக்குமாத்தால அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்கிறா.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவள் போகிறபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அவ கேக்குறது கமலவேணிக்காக இல்லக்கா, நல்ல முடிவா பாத்துக் கொண்டாங்க.”

எத்தனாவது வகுப்பு

மதுரையில் பழைய புத்தகம் என்றால் எல்லோரும் கோயிலை ஒட்டிய கடைகளுக்குத்தான் கை காட்டுவார்கள். அங்கே இருப்பதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகம். இது தெரியாமல் நான் தெருத்தெருவாக விசாரித்து, ஒவ்வொரு முறையும் அதே கடைகள் முன்னால்தான் போய் நின்றேன். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “எத்தனாவது வகுப்பும்மா?” என்றார். நான் பதற்றத்தில், “அஞ்சோட நின்னுபோச்சுங்க” என்றேன். அவர் இரக்கப்பட்டு ஐந்தாம் வகுப்புப் பூகோளமும் கணக்கும் எடுத்துத் தூசி தட்டி நீட்டினார்.

கதைப் புத்தகம் வேண்டும், தொடர்கதை தைத்த கட்டு, இரண்டாம் பாகம் என்று விளக்கிச் சொன்னேன். இந்த வயதில் ஒரு பெண் இவ்வளவு தூரம் கதைக்காகவா வந்தாள் என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பூகோளத்தைத் திரும்ப அடுக்கிக்கொண்டே அவர் சொன்னது: “இதையாவது படிச்சிருந்தீங்கன்னா போற ஊருக்கு வழியாவது தெரிஞ்சிருக்கும்.”

மோடா போட்ட கடை

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், பலகை கூட இல்லாத ஒரு கடையை நானே கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். உட்கார மோடா போட்டார். மதுரையில் எனக்கு உட்கார இடம் கொடுத்த முதல் புத்தகக் கடை அதுதான். நான் கதையைப் பாதி சொல்வதற்குள், “அது கமலவேணியாச்சே” என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பரண்மேல் ஒரு கட்டு கிடந்த ஞாபகம் என்று ஏணியைச் சாத்தி ஏறினார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். விழுந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. பயம் வந்தால் என் வாய் நிற்காது. பார்த்து ஏறுங்க, மெதுவா, எங்க ஊருல எத்தனை பொம்பளைக இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா, நான் வாடகைக்குத்தான் விடுறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கை பரணைத் தொட்ட இடத்தில் நின்றது. கீழே இறங்கினார். தன்னிடம் வாங்குகிறவர்கள் சொந்தமாக வைத்துப் படிக்கிறவர்களாக இருக்க வேண்டுமாம். நான் கெஞ்சிப் பார்த்தேன். மோடாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்தப் பரணில் எது இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த முறை போனபோது அங்கே சோடாக் கடை இருந்தது. அன்று அவர் சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது: “நாலு வீட்டுச் சாம்பார் பட்ட பொறவு அதுக்குப் பேரு புஸ்தகமாம்மா? எறங்கிட்டேன், இனி ஏறச் சொல்லாதீங்க, முழங்கால் ஆகாது.”

பாத்திரக் கடை மாடி

கடைசியில் அது கிடைத்தது புத்தகக் கடையில் இல்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்க ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். முன்னால் நின்ற அம்மாள் பழைய பட்டுப்புடவையையும், கூடவே தைத்த கதைக் கட்டுகள் மூன்றையும் கொடுத்துவிட்டு இரண்டு டம்ளர் வாங்கிப் போனாள். இந்தக் கட்டெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டு, “மாடிக்குத்தான். என் சம்சாரம் ஒண்ணையும் எடைக்குப் போட விடமாட்டா” என்றார்.

கேட்டுக்கொண்டு மாடியேறினேன். அங்கே அவர் சம்சாரம் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கக் கட்டுகள். எத்தனை வருஷம் இந்தத் தெருவழியாகத்தான் நான் ரயிலடிக்கு ஓடியிருக்கிறேன். என் முதல் பாகத்துக்கு இருந்த அதே பச்சை அட்டை, மூன்றாவது வரிசையிலேயே இருந்தது. குடம் வாங்குகிறவளுக்கு இது சும்மா என்று கொடுத்தாள். ஊரில் இருக்கிற புத்தகக் கடையெல்லாம் ஏறி இறங்கியதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் பக்கத்துக்கு அடையாளமாக விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: “புஸ்தகக் கடைக்கு விக்கப் போறது ஆம்பளைங்க, பொம்பளைங்க தச்சத டம்ளருக்குத்தான் மாத்துவாங்க.”

ஸ்டோரில்

ரயில் ஆண்டிபட்டி தாண்டுகிறபோது கடைசி அத்தியாயத்தை முடித்தேன். கமலவேணி துறைமுகத்தில் நிற்கிறாள். கப்பலில் அவன் வரவில்லை. அவன் பெட்டி மட்டும் வருகிறது. மடியில் குடமும் அதற்குள் கட்டுமாக நான் போடி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம். பாக்கியம் கீழே இறங்கி இரண்டு மாதமாகியிருந்தது. நான் வைத்திருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அவளிடம் கொடுத்துவிட்டால் அவள் பாடு என்று, கட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து அட்டைக்கடியோடு நடந்தேன். ஸ்டோரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். “இரி சேச்சி” என்று ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். பாக்கியம் நின்றபடியே கட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் படித்தாள். மூடினாள். என்னை வாசல் பக்கம் இழுத்துப் போனாள்.

“நீங்க வர நேரமாச்சு. இவளுக விடல. நானே வரவச்சுட்டேன்.”

“யாரை?”

“அவ புருஷனத்தான். கப்பல விட்டு எறங்கி, ரயிலேறி, வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டான். ஒரு காலு மட்டும் நொண்டி.”

“கால ஏன்டி நொண்டியாக்குன?”

“முழுசா வந்தா மாரியாயி நம்பமாட்டாளே.”

திரும்பி வந்து உட்கார்ந்தோம். எதிரே சொளகில் காய் புடைத்துக்கொண்டிருந்தவள்தான் மாரியாயி என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அவள் பாக்கியத்தின் கையில் இருந்த பச்சை அட்டையைப் பார்த்தாள். அங்கே பாக்கியத்தையும் என்னையும் தவிர யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

“இந்த அக்கா கொண்டாந்த புஸ்தகத்துலயும் அப்படித்தான எழுதியிருக்கு?”

“அதேதான்” என்றாள் பாக்கியம்.

“காலும்?”

“காலும்தான்.”

மாரியாயி சொளகைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாக்கியத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப அச்சுலயே வந்துருச்சு. இனி மாறாதுல்லக்கா?”

அந்தக் கட்டைத் திரும்பக் கொண்டுவந்து எந்த அலமாரியிலும் வைக்காமல் சாக்குகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் மதுரையில் நான் தேடிப் போகிற கடை அடைத்திருந்தால் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வருகிறது.