மரச்சாமான் கடை முதலாளி

மகன் சீகிரியாவில் வாங்கித் தந்த செதுக்குவேலைக் கிண்ணத்தைக் கருங்காலி என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி நம்பவில்லை. இருவரும் மாத்தளை டவுனில் மரச்சாமான் விற்கும் முதலாளியிடம் காட்டப் போனோம்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். எந்தச் சாமானையும் முதலில் மோந்துதான் பார்ப்பார். கிண்ணத்தை மோந்தார். பிறகு விரலை நனைத்து அதன் அடியில் தேய்த்தார். விரலெல்லாம் கறுப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படுமுன் சட்டென்று விரலை மடக்கிக்கொண்டார்.

"என்ன மொதலாளி, கருங்காலியா, சப்பாத்து பாலிஷா?" என்று இவள் சிரித்தாள்.

"மகன் குடுத்த சாமானுக்கு நான் வெல சொல்ல மாட்டேன், பெரியம்மா. தண்ணி மட்டும் படாமப் பத்திரமா வச்சுக்கங்க."

அவ்வளவு உசத்தியா என்று இவள் அடங்கிப்போனாள். ஒரு பொய்யும் சொல்லாமல் அந்த மனிதர் எப்படி இவள் வாயை அடைத்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.