மொட்டைமாடியில் பதினொரு பெட்டி இஞ்சி

வயிற்றில் பிள்ளை தங்கியபோது பிக்லியானுக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. கீலுங் துறைமுகச் சந்தையில் மீன் விற்பவள். தகப்பன் யார் என்று சந்தையே துருவித் துருவிக் கேட்டது. அவள் மூச்சுவிடவில்லை. கடைசியில் அவள் அம்மாவே கடை முன்னால் வந்து நின்று கத்தினாள்.

“பெத்துக்கோடி! ஆனா பிள்ளை பெத்த மாசத்துக்கு எங்க வீட்டுலேர்ந்து ஒரு துண்டு இஞ்சி வராது, பாத்துக்கோ!”

பிள்ளை பெற்றவளுக்கு மாதம் முழுக்க முற்றின இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கிக் கோழி சமைத்துப் போட வேண்டும். அதற்கு நாதியில்லாதவளை அநாதை என்றுதான் ஊர் பேசும். பிக்லியான் மீன் கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“வேண்டாம்மா. கடையிலயும் வாங்க மாட்டேன். நானே வளர்த்து, நானே ஆக்கி, நானே தின்னுக்கறேன்!”

வாயை விட்டாயிற்று. பின்வாங்கினால் மானம் போய்விடும். அந்த வாரமே மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகள் பதினொன்றை மொட்டைமாடியில் ஏற்றினாள். கீலுங் மழைக்குத் தண்ணீர் தேங்கினால் இஞ்சி அழுகிவிடும் என்று கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டாள். முதலில் பாதிப் பெட்டிக்குத்தான் மண் போட்டு விதை இஞ்சியை ஊன்றினாள். முளை உயர உயர மேலே மண் அணைத்தாள். அவள் வயிறும் கூடவே உயர்ந்தது.

ஏழாம் மாதம், அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் சங்கத் தலைவர் சுவா இரண்டு ஆட்களோடு மாடியேறி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

“ஒரே கொசு! எல்லாத்தையும் கீழ இறக்குங்கடா.”

இப்போது பிடுங்கினால் பிஞ்சு இஞ்சிதான் கிடைக்கும். ஊறுகாய்க்கு ஆகும், பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது. பிக்லியான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

“தொட்டுப் பாருங்க! கருவைக் காக்கற சாமி இன்னிக்கு வீட்டுக்கு வெளிய, தெக்கால இருக்குன்னு நாள்காட்டில போட்டிருக்கு. இதுதான் தெக்கு. நகத்தினா என் பிள்ளைக்கு ஆகறது உங்க தலைல!”

ஆட்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். தினம் இடம் மாறும் அந்தச் சாமி மேல் பட்டுவிடுமோ என்று, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூட அந்த ஊரில் எவனுக்கும் துணிச்சல் வராது. சுவாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“புருசன் பேரு சொல்ல வக்கில்ல, சாமி மட்டும் வந்துடுமாக்கும்?”

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாயைக் கழுவுங்க! வயித்துல பிள்ளைன்னா சாமி வரும். கல்யாணப் பத்திரிகை பாத்துட்டா வருது?”

ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

“நாளைக்கு சாமி இடம் மாறும்ல? அப்ப வர்றேன்” என்று முனகிக்கொண்டே சுவா இறங்கினார். வரவில்லை. மனைவி விட்டால்தானே!

இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்த வாரம் பெண் பிறந்தாள். பெற்றவள் அந்த மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பார்கள். இவளுக்கு யார் இருக்கிறார்கள்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே மாடியேறிப் பெட்டியைக் கவிழ்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு, நார் ஏறி முற்றின இஞ்சி! தோலோடு நறுக்கிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவா வந்து கதவைத் தட்டினார்.

“கீழ்வீடு வரைக்கும் மணக்குது. ஜன்னலைச் சாத்தும்மா.”

“பிள்ளை பெத்த வீடுங்க. மணக்காம?” என்றாள் பிக்லியான். சாத்தியிருந்த இன்னொரு ஜன்னலையும் போய்த் திறந்துவிட்டாள்.