தாய்மாமன் மடி

மழித்த தலையில் சந்தனம் காயும் வாசனை. எந்தக் கோயில் வாசலில் அது மூக்கில் ஏறினாலும் எனக்குப் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. குத்தாலத்துக்குப் பக்கத்தில், எங்கள் குலதெய்வக் கோயிலில், தங்கை மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்திய காலை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் மூன்றும் பெண் என்றுதான் ஊர் எண்ணிக்கொண்டிருந்தது. மாமன் சீருக்கு ஆளில்லையே என்று அம்மா நடவு வயல் வரப்பில்கூடப் புலம்புவாள். பிறகு ஒருநாள் கடைக்குட்டி, தான் ஆண் என்று சொன்னான். திருநம்பி என்ற சொல்லை அவன்தான் எங்களுக்குக் கற்றுத்தந்தான். சரி, வீட்டில் ஒரு மாமன் இருக்கிறான், இனிப் புலம்பல் தீரும் என்று நினைத்தேன். தீர்ந்ததா? காதுகுத்துக்கு மடி கொடுக்கப் பேராவூரணியிலிருந்து பெரியப்பா மகனை வரவழைத்தாள் அம்மா. தென்னந்தோப்பை விட்டுவிட்டு அந்த அண்ணனும் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் குடைந்தார்கள்.

"சென்னைக்கு வேலைக்குப் போனதுலதான் இப்படி ஆயிடுச்சோ?"

"இல்ல அத்தை. அவன் மாறல. நாமதான் தப்பாப் பாத்துட்டிருந்தோம்."

"அது சரி, ஆபரேஷன் ஆயிடுச்சா?"

ஒரு மடையை அடைத்தால் இன்னொன்று உடைத்துக்கொள்ளும். எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! வயதுக்கு வந்ததாகப் பந்தல் போட்டு, பட்டுச்சேலை சுற்றி அவனை உட்காரவைத்த நாளை இவர்களும்தானே பார்த்தார்கள். ஆள் மாற்றி உட்காரவைத்துவிட்டார்கள் என்பதுபோல் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையான பெண் இதோ வந்துவிடுவாள், எழுந்து போய்விடலாம் என்பதுபோல். அவள் வரவே இல்லை. இதற்குமேல் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா தம்பியை ஓரமாக இழுத்தாள்.

"சீர்த் தட்ட நீ வையி. மடியில அண்ணன் வெச்சுக்கட்டும். நாலு பேரு பாக்குறாங்க."

எதற்கும் வாய் திறக்காதவன் அன்று திறந்தான். "மடி வேணாம்னா சீரும் வேணாம்மா. தட்டோட இப்பவே பஸ் ஏறிடுறேன். மாமன்னா முழுசா மாமன்."

"சபையில மானத்த வாங்காத."

"நானா வாங்குறேன்?"

மொட்டைத் தலையோடு குழந்தை வீறிட்டது. நான் கத்துவதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "புள்ள என்னுது. அண்ணே, நீங்க எழுந்திரிங்க."

ஜாமீன் கிடைத்த மாதிரி எழுந்தார் அண்ணன். "அப்பாடி, காலு மரத்தேபோச்சு. தம்பி, இறுக்கிப் புடிச்சுக்க, கழுத ஒதைக்கும்."

தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்தான். குழந்தை உதைத்தது, அலறியது, அவன் தோளைக் கடித்தது. அவன் விடவில்லை. இரண்டு காதிலும் தோடு ஏறியது.

யார் மனமும் மாறிவிடவில்லை. பந்தியில் கறி எலும்பைக் கடித்தபடி அதே அத்தை என் காதருகே குனிந்தாள். "ஆபரேஷனப் பத்திச் சொல்லவே இல்லையே?" நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றப் போனோம். காது குத்தியதிலிருந்து அவனோடு பேசாத அம்மா, கறிக்குழம்புத் தூக்கை அவன் கையில் திணித்து, மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வேட்டி கட்டுற லட்சணமா இது? அடுத்த விசேஷத்துக்கு பெல்ட் போட்டுக் கட்டிட்டு வா. சபையில அவுந்து தொலையப்போவுது."