துரையின் தோட்டாவோடு ஹியூஸ்டன் போய் வந்தேன்

ஜூலையில் டெக்சாஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். போன மாதம் நானே போனேன். காரணம் எங்கள் அத்தா, என் அப்பா. எண்பத்து மூன்று வயது, நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் எங்களோடு இருக்கிறார். இதயம் ஓய்ந்துவிட்டது, இனி ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்த அன்று, வீடு திரும்பும்போது காரில் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க தாத்தா மேல தப்பு இருந்துச்சா இல்லையான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுப்பா."

அவர் தாத்தா வால்பாறையில் ஓர் எஸ்டேட் துரைக்குத் துப்பாக்கி தூக்கியவர். அடிபட்ட யானை திரும்பி வந்தபோது, துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் சுட்ட தோட்டாக்கள் சிக்கி வெளியே வரவில்லை. மறுபடி நிரப்ப முடியாமல் துரை செத்தார். துப்பாக்கியைத் துடைக்காமல் வைத்திருந்தான் என்று தாத்தாவைத் துரத்திவிட்டார்கள். 'துரையைக் கொன்ற வீடு' என்ற பேர் பொள்ளாச்சி வரை கூடவே வந்தது. அத்தாவின் அக்காவுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று அதனாலேயே தட்டிப்போனதாம். பிறகு நெம்பி எடுத்த ஒரு தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் குழலைத் தாத்தா கையோடு கொண்டுவந்துவிட்டார். அது இன்றைக்கும் எங்களிடம் இருக்கிறது.

நியூவர்க்கிலிருந்து ஹியூஸ்டன் நான்கு மணி நேரம், போகவர 286 டாலர். வாடகைக் கார் நாளைக்கு 58. விமான நிலையத்திலிருந்து சுகர்லேண்ட் ஏறத்தாழ நாற்பத்தைந்து மைல், டோல் தனி. அங்கே மெர்சி என்ற பல் டாக்டர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். பழைய பிரிட்டிஷ் வேட்டைத் தோட்டாக்களைச் சேர்க்கிறவர். சேகரிப்பாளர்களின் இணையக் குழு ஒன்றில் பிடித்தேன். பல் அச்சுகள் வைக்கும் இழுப்பறைகளில் வரிசையாகத் தோட்டாக்கள். பார்க்கக் கொஞ்சம் பகீரென்றுதான் இருந்தது.

டீ கொடுத்துவிட்டு அவர் சொன்ன சரித்திரம் இது. கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து வந்தபின் லண்டன் துப்பாக்கிக்காரர்கள் யானை வேட்டைக்கென்று செய்த முதல் பெரிய தோட்டாக்களில் ஒன்று நானூற்றைம்பது 'போர்' (bore), அதாவது குழல் வாயின் அகலம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நானூற்றைம்பது. பட்டாளத்தின் பழைய துப்பாக்கிகளும் அதே அளவு. கலகக்காரர்கள் கைக்குக் குண்டு போய்விடும் என்று பயந்து, இந்தியாவுக்குள் அந்த அளவையே சர்க்கார் தடுத்துவிட்டது. அதனால்தான் நானூற்று அறுபத்தைந்து, நானூற்று எழுபது என்று புதுப்புது அளவுகள் பிறந்தன. நம் ஆட்கள் மேலிருந்த பயத்தில் பிறந்த தோட்டாக்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு பிரச்சினை வெக்கை," என்றார். "குளிர் நாட்டுக்கு அளந்து போட்ட மருந்து உங்கட வெயிலுக்குக் கூடுதலா அமுக்கும். தோட்டாவின்ர பித்தளை வீங்கித் துவக்குக் குழலுக்க இறுகிப் போயிடும். எவ்வளவு துடைச்சாலும் கழராது. பிறகுதான் சூட்டு நாடுகளுக்கெண்டு மருந்தைக் குறைச்சுப் போட்டவை."

நான் கொண்டுபோன குழலின் வாயை அளந்தார். நானூற்றைம்பதுதான்.

"துவக்கு தடைக்கு முந்தினது. தோட்டா மருந்து குறைக்க முந்தினதோ பிந்தினதோ எண்டு அடிப்பக்க எழுத்துத்தான் சொல்லும்." அடியைத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தார். "இதை ஆர் மினுக்கினது?"

அத்தாதான். ஒவ்வொரு பெருநாளுக்கும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பார். நான் கிளம்பும் முன்கூட, ஐசலின் இந்தியக் கடையில் வாங்கிய புளியில் ஒரு உருண்டை எடுத்துத் தேய்த்துத்தான் கொடுத்தார்.

"எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சுது. அழுக்குக் குழல் கீறியிருந்தாலும் அந்தக் கீறலும் அழிஞ்சிருக்கும். வெக்கையா இருக்கலாம் எண்டுதான் சொல்லுவன். அதுக்கு மேல சொன்னா பொய்."

திரும்பும் விமானத்தில் எனக்கு அத்தா மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியாக, ஏன் அத்தா அதை அப்படித் தேய்த்தீர்கள் என்றேன்.

"அவரு தொடைக்கலேன்னுதானே ஊரே சொல்லுச்சு," என்றார். "அதான் நான் ஒரு பெருநாள் விடாம தொடைச்சேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெயில்தான் காரணம் அத்தா. தாத்தா மேல தப்பே இல்ல."

"டாக்டரம்மா அப்படியே சொன்னாங்களா?"

"அப்படியேதான் சொன்னாங்க."

வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தா இணையத்தில் எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: அக்டோபருக்குப் பிறகு போங்கள். சுட்டு முடிந்த வெற்றுக் குழலை அமெரிக்காவுக்குள்ளேயே பறக்கும் விமானத்தில் கொண்டுபோகலாம், ஆனாலும் விமானக் கம்பெனியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தா அதை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது கெடுபிடி இல்லாத காலத்தில். இன்று அங்கே வெற்றுக் குழலுக்கும் வழக்குப் போடுவார்கள், முயலவே வேண்டாம். பழைய பித்தளை எதுவானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். யாராவது ஏற்கெனவே தேய்த்துவிட்டிருந்தால், அதனால் என்ன போயிற்று என்பதை அவரிடம் சொல்லாதீர்கள்.